அறுபது வயதில் எனக்குக் கிடைத்த பஸ் வேலை

ஆண்டவருக்குள் பிரியமான சபையார் உங்களுக்கு உப்பளத்து ஞானம்மா சொல்லிக்கொள்வது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். "அத்தை, மெதுவா சொல்லுங்க, கை வலிக்குது" என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம், கோடையில், என் கால் கெட்டுப்போனது. நாற்பது வருஷம் மரக்காணத்து உப்புப் பாத்தியில் நின்ற கால். புண் ஆறவே இல்லை. "இனிமே உப்புத் தண்ணியில கால வச்சீங்கன்னா வெரலையே எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் நல்ல பிள்ளை. "வூட்டுல குந்திக்கினு டிவி பாரும்மா" என்றான். மூன்று நாள் பார்த்தேன். அந்தச் சீரியலில் ஒருத்தி மூன்று நாளும் ஒரே அழுகை. நாலாம் நாள் நானும் அழுதேன். இனி நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. வேலை செய்யாமல் எனக்கு இருக்கத் தெரியாது.

அப்போது ஜெபத்தில் ஒன்று கேட்டேன். சொல்ல வெட்கம்தான். சின்ன வயதில் எனக்குக் கண்டக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. கயிற்றுக்குள் நின்று பிள்ளைகள் எல்லாரும் பஸ் விளையாடுவோம். என் அண்ணன் என்னைக் கண்டக்டராக விடவே மாட்டான். "பொட்டப்புள்ளயெல்லாம் கண்டக்டர் ஆவ முடியாது. டிக்கெட் வாங்கிக்கினு பின்னால வா" என்பான். அவன் கடைசிவரை ஒரு சைக்கிள்கூட ஓட்டவில்லை, அது வேறு கதை. "ஆண்டவரே, பஸ் பக்கமா எனக்கு ஒரு வேலை குடு" என்று கேட்டேன். பக்கத்தில் முட்டி போட்டிருந்த ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். இப்போதும் சிரிக்கிறாள் பாருங்கள்.

இரண்டு வாரம் ஆகவில்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் விடும் முதலாளி ஒருவர், ஸ்டாப்பில் நின்று ஆள் கூப்பிட்டு ஏற்றிவிட ஒருவரைத் தேடினார். உப்பளத்தில் மழை வருகிறது என்று நான் கத்தினால் கடைசிப் பாத்தி வரைக்கும் கேட்கும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. "நீயே வாம்மா" என்றார். சிவப்பு வண்டி திண்டிவனம், நீல வண்டி பாண்டி. எனக்கு என்ன கஷ்டம்? கத்தினேன், மூட்டை தூக்கிவிட்டேன், பிள்ளைகளைப் பிடித்து ஏற்றினேன். அத்தனை சந்தோஷம்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சிவப்பு வண்டியைப் பெயிண்ட் அடிக்க விட்டார். அது நீலமாக வந்து நின்றது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. போர்டைப் பார்த்தால் தெரியுமே என்று நினைத்திருப்பார்கள். "பாண்டி! பாண்டி!" என்று கத்தி, நிச்சயதார்த்தத்துக்குத் தட்டும் பூவுமாகப் போன ஒரு குடும்பத்தையே அதில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் டீயைக் குடித்துவிட்டு ஓடிவந்து விசில் கொடுத்தான். வண்டி திண்டிவனம் ரோட்டில் திரும்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்னொரு நீல வண்டி வந்து நின்றது. அதுதான் பாண்டி வண்டி.

"ஏசப்பா, என் வேல போச்சே! நிறுத்து!" என்று கத்தினேன். ஜெபமும் அதுதான், கூச்சலும் அதுதான். அத்தனை இரைச்சலில் டிரைவருக்கு எப்படிக் கேட்டதோ, வண்டி நின்றது. எல்லாரையும் இறக்கிப் பாண்டி வண்டியில் ஏற்றினோம். நான் இடுப்பில் தாம்பூலத் தட்டோடு ஓடினேன்.

டீக்கடையிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"படிக்கத் தெரியாதுன்னு ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே நைனா."

அவர் முகம் சிவந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஜன்னலில் மாப்பிள்ளையின் ஆயா, வயசான பாட்டி, தலையை நீட்டியது. "அவள ஏன்யா திட்டுற? எனுக்கும்தான் படிக்கத் தெரியாது. நானும் நீல வண்டின்னுதான் ஏறுனேன். ரெண்டுத்துக்கும் ஒரே கலர் அடிச்சவன் யாரு?"

பஸ்ஸே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். "ஆயாவும் நீயும் சொல்றது சரிதான்" என்றார். அந்த வாரமே பெயிண்டரைக் கூட்டிவந்து பாண்டி வண்டியில் படகும், திண்டிவனம் வண்டியில் ரயிலும் வரையச் சொன்னார். ரயில் பூரான் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. எங்கள் உப்பளத்துப் பெண்கள் இப்போது போர்டைப் படிக்கச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. "பூரான் வண்டி வந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கால் புண் ஆறிவிட்டது. காலையில் வேலைக்குப் போகணுமே என்று இல்லை, வேலைக்குப் போகிறேன் என்று எழுந்திருக்கிறேன். என் ஆண்டவருக்குக் கோடி நன்றி.

உங்களுக்கும் சின்ன வயதில் ஒரு ஆசை இருந்திருக்கும். இந்த வயதில் போய்க் கேட்பதா என்று அதை விழுங்கிவிடாதீர்கள். அவர் உங்கள் வயதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் என் பக்கத்தில் வந்து முட்டி போடுங்கள், சேர்ந்து கேட்போம். ஸ்டெல்லா சிரிப்பாள், அவளைக் கண்டுகொள்ளாதீர்கள்.