எடுத்துப் போட்ட வெங்காயம்

மெக்சிகோவின் புயெப்லா நகரில் சந்தைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டுகிறவன் எலாதியோ. வண்டி அவன் சொன்னபடி கேட்கும், வயிறு கேட்காது. திடீரென்று முறுக்கும். ஏற்றிய ஆட்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடுவான்.

"அண்ணே, வண்டிக்கு ரொப்பப் போறீங்களா, உங்களைக் காலி பண்ணப் போறீங்களா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்பாள். வேனே சிரிக்கும். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வண்டி நடுவழியில் நின்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். புண் இல்லை, கட்டி இல்லை, உனக்கு வாய்த்தது கோபக்காரக் குடல் என்றார். வெங்காயம், பூண்டு, பீன்ஸ், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அவன் பெண்டாட்டி ஒதிலியா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தட்டில் சோள ரொட்டி, தக்காளிச் சோறு, கோழிச் சாறு. ஆனாலும் முறுக்கல் நிற்கவில்லை.

அக்கா பிரிசிலாவுக்கு டாக்டர் என்றாலே இளக்காரம். தம்பியைத் தன் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு அவித்த கோழி, உருளைக்கிழங்கு, பப்பாளி என்று கொடுத்தாள். அவளுக்குச் சமைக்கத் தெரிந்ததே அவ்வளவுதான். வயிறு கம்மென்று கிடந்தது. வீடு திரும்பிய மறுநாளே பழையபடி பெட்ரோல் பங்க். நல்லவேளை, முதலாளி காதுக்கு எட்டவில்லை.

"வியாதி உன் வயித்துல இல்லடா, உன் அடுப்படியில இருக்கு," என்றாள் பிரிசிலா.

அது மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்தது. ஒதிலியா வேனை விட்டுவிட்டுத் தன் தம்பியின் செங்கல் சூளைக்கு வரச்சொல்லி நச்சரித்தவள்தானே? வேலை போனால் சூளைதானே கதி? அவன் சோற்றைக் கிளறிக் கிளறித் தேடினான். சாற்றை முகர்ந்தான். வெங்காயத்தின் சருகுகூட அகப்படவில்லை. அது அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. கெட்டிக்காரி, அரைத்துப் போடுகிறாள் என்று நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லை வழியாக நுழைந்தான். ஒதிலியா கொதிக்கிற சாற்றிலிருந்து பாதி வெங்காயத்தையும் முழுப்பூண்டையும் கரண்டியால் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"மாட்டினியா!"

"என்ன மாட்டினேன்? எதுக்குய்யா கத்தற?"

"டாக்டர் சொன்னது காதுல ஏறலையா?"

"சாப்பிடக் கூடாதுன்னாரு. அதான் முழுசா எடுத்துடறேனே! இந்த ஊர்ல யாரு வெங்காயம் போடாம சாறு வைக்கறா? வெந்ததும் எடுத்துப் போடறதுதானே? உனக்காக சல்லடையில வேற வடிக்கறேன்."

அவன் நம்பாமல் டாக்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்; ஒதிலியாவே விஷயத்தைச் சொன்னாள். "எடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. வயித்தைக் கெடுக்கறது வேகும்போதே தண்ணியில இறங்கிடும். வாசனைக்கு வெங்காயத்தாளோட பச்சை மட்டும் போடுங்க," என்றார் அவர்.

ஒதிலியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான்தான் உன்னைப் படுத்தியிருக்கேன்," என்று அழுதாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தேற்றுகிறேன் பேர்வழி என்று உளறினான். "விடு, நான்கூட என்னைச் சூளைக்கு இழுக்கத்தான் வேணும்னே போடறியோன்னு நினைச்சேன்."

அவள் அழுகை நின்றது. "இத்தனை நாளும் அப்படி நினைச்சுக்கிட்டா என் கையால தின்னே?"

இப்போது வயிறு சரியாகிவிட்டது. சாவியும் அவனிடமே இருக்கிறது. ஆனால் தினமும் தட்டு வைக்கும் முன் ஒதிலியா பானையை அவன் முன்னால் கொண்டுவந்து மூடியைத் திறக்கிறாள்.

"கிளறிப் பாத்துட்டுத் தின்னு."

வேண்டாம் என்று அவனும் தினமும் சொல்கிறான். அவன் கரண்டியை வாங்கிக் கிளறுகிற வரைக்கும் அவள் நகர்வதில்லை.