காயாத போர்விமானம்

பெயிண்ட் காயாமல், இறக்கையில் ஒட்டிய ஸ்டிக்கரும் ஈரமாக இருந்த போர்விமானப் பொம்மையோடு பஸ் ஏறிய முட்டாள் நான். வள்ளியூர் தாண்டியதும் தூக்கம் சொக்கியது. பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச்சட்டைக்காரர்; பேசுமுன் தொண்டையைச் செருமுவார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் பிடிங்க. அசைஞ்சா ஸ்டிக்கர் நழுவிரும்.”

“தாரும் வே. நான் நாங்குநேரில இறங்கணும்.”

விழித்தபோது நாங்குநேரி எப்போதோ தாண்டி, திருநெல்வேலி வந்திருந்தது. என் தலை அவர் தோளில். விமானத்தின் சக்கரத்தை மட்டும் பிடித்தபடி சிலைபோல உட்கார்ந்திருந்தார். ஸ்டிக்கர் இம்மியும் நகரவில்லை. அவர் சட்டையில்தான் என் பச்சைப் பெயிண்ட்.

“என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?”

செருமினார். “எழுப்புனா துள்ளுவீரு. தங்கச்சி மவளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் வராம தட்டு மாத்த மாட்டாவ, காத்துக்கிடப்பாவ.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “நானும் வந்து உங்க தங்கச்சி கால்ல விழுதேன், அண்ணாச்சி.”

“வேண்டாம் வே, போற வழியில மறுபடியும் உறங்குவீரு.”