சாமி மாடத்தில் ஒரு சீசா குளத்து நீர்

சீசாவைத் திறந்ததும் அழுகிய வைக்கோல் நாற்றம் குப்பென்று அடிக்கும். கருவாட்டு வாடைக்கும் ஆலைப் புகைக்கும் பழகிப்போன வடசென்னைக் காலடிப்பேட்டை மூக்கே அதற்குச் சுளிக்கும். ஐம்பதுகளின் தொடக்கம் அது. கோயில் குளத்துத் தண்ணீரில் வைக்கோலை ஊறப் போட்டும், ஈர ரொட்டியில் பூசணம் பிடிக்க விட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் எங்கள் சயின்ஸ் வாத்தியார்.

பள்ளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தேன். ஒரு சொட்டு நீருக்குள் செருப்பின் அடிபோன்ற உயிர்கள் சுழன்று நீந்தின. அவற்றுக்கு நடுவே அமீபா, வாயும் வயிறும் இல்லாமல், உடம்பையே காலாக நீட்டி எதிர்ப்பட்டதை வளைத்து விழுங்கியது. முழு உடம்பும் ஒரே செல்தானாம். ரொட்டியிலோ வெள்ளை நூல்கள், அவற்றின் நுனியில் கறுப்புக் குண்டூசித் தலைகள். “இதுக்குப் பச்சையம் கிடையாது, தானே சமைச்சுக்கத் தெரியாது, அடுத்தவன் சோத்துலதான் பொழைப்பு” என்றார் வாத்தியார்.

படம் வரைவதற்காக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைத்தேன். மறுநாளே காய்ச்சலில் விழுந்தேன்.

எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி வரும்; இதை நான் தெருமுனை ரொட்டிக்கடையில் கெஞ்சி வாங்கியது அம்மாவுக்குத் தெரியாது. மூலையில் ரொட்டியைக் கண்ட அம்மா, அப்பா எனக்காக வாங்கிவைத்தார் என்றே நினைத்தாள். பூசணம் அவளுக்குப் பொருட்டல்ல. ரேஷன் அரிசியில் புழுவைப் பொறுக்கிப் பொங்கியவள் அவள். சீசாவோ, நான் மொண்டுவந்ததை அவளே பார்த்த கோயில் குளத்து நீர்; அதை வடிகட்டிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள்.

பாலில் தோய்த்த ரொட்டி தொண்டையில் இறங்கிய பிறகுதான் அந்த மக்கல் ருசி உறைத்தது. துப்ப வாயைத் திறந்தபோது, “மேலாக்கா சொரண்டிட்டேன், ஒண்ணும் ஆவாது. தீர்த்தம் கீது, குட்சிடு நைனா” என்று சீசா நீரையும் ஊற்றிவிட்டாள். மீதியைக் கண்ணில் ஒற்றித் தானும் ஒரு வாய் குடித்தாள்.

வயிற்றுக்குள் அவை நீந்திக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. செத்துவிடுவேன் என்று பயந்தேன், வாந்தி எடுத்தேன். ஆனால் காய்ச்சல் தானாக இறங்கியது. “தீர்த்தம்தான் புள்ளைய காப்பாத்திச்சு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அமீபாவை வரைய வைத்திருந்த தாளை மடித்துப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன்.

இன்று அந்த ரொட்டிக்கடை இல்லை, எங்கள் ஓட்டு வீடும் இல்லை. கடைசிப் படுக்கையில் அம்மா அந்தத் தீர்த்தத்தைத்தான் கேட்டாள். காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிய குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகம் சுளித்தாள்.

“இன்னா நைனா இது, அந்த ருசியே இல்லியே.”