தாய்மாமன் வந்த சத்தம்

போன மாதம் வரைக்கும் என் அலுவலக மேசையில் ஒரு கறுப்புக் குமிழ் கிடந்தது. கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிது. உள்ளங்கையில் எடுத்தால் கச்சிதமாக உட்காரும். என்னைப் பார்க்க வருகிறவர்கள் பேசிக்கொண்டே அதை எடுத்து உருட்டுவார்கள், பிறகு இது என்ன என்று கேட்பார்கள். பிக்கப் வண்டியின் கியர் குச்சித் தலை என்பேன். அதன்மேல் ஒரு காலத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் இருந்தன. என் தாய்மாமாவின் உள்ளங்கை அத்தனையையும் தேய்த்து அழித்துவிட்டது. அதில் இரண்டாம் எண் எப்படி அழிந்தது என்பதுதான் அவர் மனைவிக்கு, அதாவது என் அத்தைக்கு, இன்றுவரை புரியாத விஷயம். "அதைத்தான் உங்க மாமா போட்டதே இல்லையே" என்பார்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் வெண்டைக்காய், பயற்றங்காய், மிளகாய், எலுமிச்சை எல்லாம் வாங்கி, கிளேபாங் சாலையோரக் கடைகளுக்கும் உம்பாய் மீன் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டதால், எனக்கும் தம்பிக்கும் மாமாவின் பிக்கப்தான் பள்ளிப் பேருந்து, கோயில் ரதம், ஆஸ்பத்திரி வண்டி எல்லாமே. வெயில் நாட்களில் அது நல்ல பிள்ளையாக இருக்கும். வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால்தான் அதன் சுயரூபம் தெரியும். நாலு நாள் விடாமல் பெய்து, விடியற்காலையில் உடம்பு சிலிர்க்கிற மாதிரி இருக்குமே, அதுதான் மலாக்காக்காரர்களான எங்களுக்குத் தெரிந்த குளிர். அந்தக் குளிருக்கே சாவியைத் திருப்பியதும் கியர்பாக்ஸிலிருந்து 'ஙொய்ய்ங்' என்று ஓர் ஊளை கிளம்பும். கிளட்சை மிதித்தால் வாயை மூடிக்கொள்ளும், காலை எடுத்தால் மறுபடியும் தொடங்கும். முதல் கியர் முனகிக்கொண்டே விழும். இரண்டாவது கியர், உள்ளே எண்ணெய் சூடாகும்வரை விழவே விழாது. வற்புறுத்தினால் 'கர்ரக்' என்று பல்லைக் கடிக்கும். மாமா அதோடு மல்லுக்கட்டுவதில்லை. முதல் கியரிலேயே வேகம் பிடித்து நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடுவார். வண்டி குலுங்கி எழும், அத்தையின் தலை பக்கத்துக் கண்ணாடியில் இடிக்கும். "அலாமா! காடி ஓட்டுறீங்களா, மாடு ஓட்டுறீங்களா?" என்று அவர் கத்துவார். நடுவில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நானும் தம்பியும் சிரித்து உருளுவோம்.

இந்த ஊளை மாமாவுக்குப் பெரிய விஷயமாகவே இருந்ததில்லை, என்னைப் பெண் கேட்டு வருகிறவரை. மாப்பிள்ளை வீட்டார் கேமரன் மலைக்காரர்கள். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக இருந்துவிட்டுப் பிறகு காய்கறிப் பண்ணை வைத்தவர்கள். அவர்கள் வந்த அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. மாமா முன்னால் பிக்கப்பில் வழிகாட்டிக்கொண்டு போக, அவர்கள் கார் பின்னாலேயே எங்கள் வீடுவரை வந்தது. இறங்கியதும் மாப்பிள்ளையின் சித்தப்பா, பிற்பாடு எனக்குச் சின்ன மாமனார் ஆனவர், கைகுலுக்கிக்கொண்டே கேட்டார்: "என்னா சம்பந்தி, காடிக்குள்ள பூனையைக் கட்டிப் போட்டிருக்கீங்களா?" எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் அவருடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அந்தப் பூனை அவர் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கல்யாணம் மலையில், அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடப்பதாக முடிவானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படி ஒரு வேண்டுதல். தாய்மாமன் சீர் என் வண்டியில்தான் போகும் என்று மாமா அன்றே சொல்லிவிட்டார். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, வாழைக்குலை, சீர்த்தட்டுகள் எல்லாம் ஊர் பார்க்க அவர் வண்டியில் வந்து இறங்க வேண்டும். அதுவும் பூனை சத்தம் இல்லாமல் வந்து இறங்க வேண்டும். பட்டறையில் போர்மன் கியர்பாக்ஸைக் கழற்றி பேரிங் மாற்ற வேண்டும், ஒரு வாரம் வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்றிருக்கிறார். கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கும்போது ஒரு வாரத்துக்கு எங்கே போவது? மாமா தானே ஒரு யோசனை செய்தார். கிடைத்ததிலேயே கெட்டியான எண்ணெயாகப் பார்த்து கியர்பாக்ஸில் ஊற்றச் சொல்லிவிட்டார்.

சத்தம் நின்றுவிட்டது! சிம்பாங் அம்பாட் வெயிலில் வண்டி பட்டுப்போல் ஓடியது. இரண்டாவது கியர்கூட வழுக்கிக்கொண்டு விழுந்தது. மாமா எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு தெருவை நாலு சுற்றுச் சுற்றினார். "எங்க, பூனையைக் காணோம்? கூப்பிட்டுப் பாருங்க லா!" என்று அம்மாவைச் சீண்டினார். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவருக்காவது மலைக் குளிர் எப்படியிருக்கும் என்ற யோசனை வந்ததா என்றால், இல்லை. குளிருக்கு என்று அம்மா எடுத்து வைத்ததே ஒரு கைத்தறித் துண்டும் ஒரு தைலப் புட்டியும்தான்.

நாங்கள் பேருந்தில் போய்க் கோயில் மண்டபத்திலேயே தங்கினோம். மாமாவும் அத்தையும் சீர் வண்டியோடு மலையிலேயே கொஞ்சம் கீழே இருந்த சின்ன டவுனில் ஒரு விடுதியில் தங்கினார்கள். மறுநாள் காலையில் மாமா மேளத்தோடு வந்து இறங்க வேண்டும், எனக்கு மாலை போட வேண்டும், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான் பட்டுச் சேலையில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி இறங்கி எதிரில் இருந்த வாழைமரத் தோரணமே தெரியவில்லை. முகூர்த்தம் நெருங்கியது. மாமாவைக் காணோம். தம்பி போன் அடித்து அடித்துப் பார்த்தான், மலையில் லைன் கிடைக்கவில்லை. குருக்கள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "யாராவது ஒரு பெரியவங்க மாலையைப் போட்டு அழைச்சிட்டு வாங்களேன்" என்று யாரோ வெளியில் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "மாமா வராம நான் எழுந்திருக்க மாட்டேம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லாமல் யார் கையைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே போய் நிற்பது?

கீழே விடுதி வாசலில் நடந்ததை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் உப்புக் காரம் கூடும், இருந்தாலும் நான் நம்புகிறேன். மாமா புது வேட்டி சட்டையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். அன்றைக்குக் கிளம்பியது பூனைச் சத்தமே இல்லையாம், புலியே உள்ளே இருப்பதுபோல் ஓர் உறுமல். முதல் கியர் விழவில்லை. ரிவர்ஸ் விழவில்லை. குச்சியே அசையவில்லை, சிமென்டில் நட்டது மாதிரி நின்றது. மாமா இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். விடுதிக்காரர் வந்து, என் காரில் வாருங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்றாராம். "சீரை இங்க போட்டுட்டு அடுத்தவன் காடில வந்து இறங்கவா? அதுக்கு நான் வராமலே இருக்கலாம்" என்று மாமா முறுக்கிக்கொண்டாராம். முறுக்கிக்கொண்டவர் கண்ணில் தண்ணீர் நின்றது என்று அத்தை சொல்வார். குளிர்காற்றுப் பட்டது என்று மாமா சொல்வார்.

அத்தை அப்போது தலைக்குக் குளித்துவிட்டு அறைவாசலில் தூபக்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல் அவருக்கு. எங்கே போனாலும் அதைப் புகை காட்டித்தான் உலர்த்துவார் என்பதால், ஊரிலிருந்தே கரியும் சாம்பிராணியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரி அப்போதுதான் கனன்று வந்திருந்தது. "எண்ணெய மாத்துனோம்னு குதிச்சீங்களே, அது கெட்டி எண்ணெய்தானே? குலா மலாக்கா வெல்லத்துல பாகு காய்ச்சி வச்சா மழை நாள்ல என்னாகும்? இறுகிப்போய் கரண்டி நிக்கும். மறுபடி அடுப்புல தானே வைப்போம்!" என்றாராம். என்றவர் தூபக்காலை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கியர்பாக்ஸுக்குக் கீழே வைத்துவிட்டார். விடுதிச் சமையல்கட்டிலிருந்து ஒரு தகரத் தட்டு நிறையக் கனன்ற கரியும் வந்தது. மாமா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத் தரையில் குப்புறப்படுத்து விசிறினார். கரியில் ஏற்கெனவே தூவியிருந்த சாம்பிராணி புகைந்து, வண்டியைச் சுற்றி ஒரே கோயில் மணம். தெருவில் போனவர்கள் பிக்கப்புக்குத் தீபாராதனை காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். இது அத்தையின் உப்புக் காரமாக இருக்கலாம்.

மண்டபத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்குத்தான் கேட்டது. பனிக்குள்ளே, வெகு கீழேயிருந்து, மெல்லிசாக ஒரு 'ஙொய்ய்ய்ங்'. கொண்டை ஊசி வளைவில் மறைந்தது, மறுபடி வந்தது, இன்னும் பெரிதாக வந்தது. நான் மணப்பெண் என்பதை மறந்து எழுந்து நின்று கத்தினேன்: "மாமா வர்றாரு! முதல் கியர்லயே வர்றாரு!" அலங்காரம் செய்த அக்கா என் தலைச்சாமானைப் பிடித்துக்கொண்டு, உட்காரும்மா உட்காரும்மா என்று பின்னாலேயே ஓடிவந்தார். இரண்டாவது கியர் விழவில்லை என்று கேட்டாலே தெரிந்தது. அவ்வளவு மலையையும் முதல் கியரிலேயே கதறக் கதற ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபம் முழுக்க எழுந்து வாசலைப் பார்த்தது. என் சின்ன மாமனார்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். "பூனை வந்துருச்சு! மேளத்தைத் தட்டுங்கய்யா, மேளத்தைத் தட்டுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஊதத் தொடங்கினார். அந்த மேளத்துக்கும் மேலே கேட்டது எங்கள் கியர்பாக்ஸ்.

மாமா இறங்கினார். சட்டையில் கரி, முழங்காலில் சேறு, தலையில் சாம்பல். பின்னால் அத்தை ஈரத்தலையை அப்படியே முடிந்துகொண்டு, குளிரில் நடுங்கியபடி சிரித்துக்கொண்டு வந்தார். சின்ன மாமனார் தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அத்தையிடம் கொடுத்தார், மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா எனக்கு மாலை போட்டபோது அவர் கையில் சாம்பிராணியும் எண்ணெயும் கலந்து மணத்தது. "சத்தம் ரொம்பக் கேட்டுச்சாம்மா?" என்று காதோடு கேட்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் அவர் குரல் கூசிப்போயிருந்தது. "கேட்டுச்சு மாமா. கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்துச்சு" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் மணவறைவரை நடந்தேன்.

பிறகு அந்த வண்டிக்கு வயதாகி, மாமா அதை ஒரு டுரியான் தோட்டக்காரருக்குக் கொடுத்தபோது குமிழை மட்டும் கழற்றி எனக்குத் தந்தார். அப்படித்தான் அது என் மேசைக்கு வந்தது. போன மாதம் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம், இங்கே மலாக்கா டவுன் மண்டபத்தில். இப்போது தாய்மாமன் என் தம்பி. சீர் கொண்டுவருவதற்காகவே வாங்கிய, பேட்டரியில் ஓடுகிற புது வண்டி ஒன்றில் வந்தான். வந்தான் என்பதே யாருக்கும் தெரியாது. மேளக்காரர்கள் பின்பக்கம் பசியாறிக்கொண்டிருந்தார்கள், நான் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் பாதித் தட்டு இறங்கிவிட்டிருக்கிறது. முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வந்ததே கோபம்! "ஏன்டா, திருடனா நீ? தாய்மாமன் வர்றது ஊருக்குத் தெரிய வேணாமா? வாசல் கேட்டுக்குப் போயி திரும்ப வா!" என்றார். தம்பி சிரித்தான். "மாமா, இந்தக் காடில கியரே இல்ல லா. சத்தத்துக்கு நான் எங்க போறது?"

மாமா எழுந்தார். தட்டுகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார், தம்பி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், கண்ணாடியை இறக்கினார். வண்டி வாசல்வரை போய்த் திரும்பியது. வெறும் கையால் இல்லாத குச்சியைத் தள்ளிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மாமா வாயாலேயே ஆரம்பித்தார்: "ஙொய்ய்ய்ய்ங்!" என் மகள் வெட்கத்தை மறந்து மேடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். முழு மண்டபமும் வாசலுக்கு வந்துவிட்டது. மலையிலிருந்து வந்திருந்த சின்ன மாமனாருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் அதைக் கேட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "மேளத்தைத் தட்டுங்கய்யா!" என்றார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கண் மட்டும் நிறைந்துவிட்டது.

மறுநாளே குமிழை அலுவலகத்திலிருந்து எடுத்துவந்து தம்பியிடம் கொடுத்துவிட்டேன். பொருத்துவதற்கு அவன் வண்டியில் இடமில்லை. தண்ணீர்ப் புட்டி வைக்கிற குழியில் போட்டு வைத்திருக்கிறான். மாமாவை எங்கே ஏற்றிக்கொண்டு போனாலும், உட்கார்ந்ததும் அவர் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொள்கிறதாம். வண்டி நகரும்போது மேலே ஒரு தள்ளு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு தள்ளு. பின் இருக்கையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்துச் சொல்கிறாராம், முதலில் இருந்து நேராக மூன்றாவதுக்குத்தான் போகிறார் என்று.