ஏழு நிமிடம் முந்திய மஃரிப்

எங்கள் பள்ளிவாசலுக்குச் செயலாளரானதும் என் தாய்மாமா செய்த முதல் காரியம் சுவரில் ஒரு டிவி மாட்டியது. இரண்டாவது, அதில் தொழுகை நேரம் ஓடவேண்டும் என்று என்னிடம் சொன்னது. டிவியோடு இணைக்க, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினி ஒன்று இருந்தது. வேறெதையும் அது தாங்காது என்பதால் லினக்ஸ் போட்டேன். நிரலை சி மொழியில் எழுதினேன். மாமாவிடம் அதற்கும் அதே காரணத்தைத்தான் சொன்னேன். உண்மையில் எனக்கு சி பிடிக்கும்.

நிரலின் வேலை சின்னது. ஒரு கோப்பில் ஒவ்வொரு நாளுக்குமான நேரங்கள் இருக்கும். நிரல் அதை வாசித்து, தொழுகைக்கு அழைக்கும் அடுத்த பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பெரிய எழுத்தில் காட்டும். சூரியன் மறைந்து மஃரிப் ஆனதும் ‘நோன்பு திறக்கவும்’ என்று பச்சையில் வரும். எங்களுடையது மேற்குக் கரையில், முசலிப் பக்கத்துக் கடலோர ஊர். மோதினார் பாங்கு சொன்னால், ஒலிபெருக்கி கேட்கிற தூரம்வரை எல்லா வீட்டிலும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். பாங்கு கொஞ்சம் பிந்தினால் முணுமுணுப்போடு முடிந்துவிடும். கொஞ்சம் முந்தினால், பகல் முழுக்கப் பட்டினி கிடந்த அத்தனை பேருடைய நோன்பும் அன்றைக்குப் போய்விடும்.

டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன். நேரம் சரியாக இருந்தது. ஆனால் மோதினார் டெர்மினலில் கட்டளை அடிக்கமாட்டார். அடிக்கவேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அதனால் திரையில் ஒரு ஐகன் வைத்தேன். நோன்பு மாதத்தின் முதல் நாளான தலைநோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மஃரிபுக்குச் சற்று முன்னால், நிர்வாகத்தினர் பார்த்திருக்க மோதினார் ஐகனை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பச்சை எழுத்து வந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். மோதினார் மட்டும் ஜன்னலால் கடலைப் பார்த்தார்.

“தங்கச்சி, சூரியன் இன்னும் தண்ணிக்கு மேல நிக்குது.”

கதிரையில் உட்கார்ந்திருந்த, நிர்வாகத்தில் மூத்தவரான மரைக்கார் ஒருவர் உடனே தொடங்கினார். “செயலாளர்ட மருமகள் படிச்ச புள்ள. சூரியனுக்குத்தான் நேரம் தெரியாது.”

“பொறுங்கோ காக்கா, இது ஒத்திகைதானே,” என்றார் மாமா. அவருடைய காது சிவந்திருந்தது.

நான் டெர்மினலைத் திறந்து அதே நிரலை ஓட்டினேன். மஃரிபுக்கு இன்னும் நேரமிருப்பதாகக் காட்டியது. திரும்ப ஐகனை அழுத்தினேன். பச்சை. இரண்டுக்கும் இடையில் ஏழு நிமிடம்.

மறுநாள் காலை, தொழுகை முடிந்து ஆட்கள் போன பிறகு, மாமாவும் நானும் பக்கவாசலால், கணினி இருக்கும் பள்ளி அலுவலகமான கந்தோருக்குப் போனோம். சந்தேகங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். கணினியின் கடிகாரமாக இருக்க முடியாது, இரண்டு முறையும் அதே கடிகாரம். பழைய பிரதி எதுவும் ஓடவில்லை, ஐகன் கூப்பிட்டதும் நான் அடித்ததும் ஒரே நிரல். என் கணக்கில் பிழை என்றால் இரண்டு இடத்திலும் பிழை வந்திருக்க வேண்டும்.

“வைரஸ்ஸா மகள்?”

“இல்லை மாமா.”

“கண்ணூறு?”

அதைக் கடைசியில் எழுதிவைத்தேன்.

நிரல் ஒன்று, கணினி ஒன்று, விடை மட்டும் இரண்டு. அப்படியானால் அதை எங்கிருந்து எழுப்புகிறோம் என்பதில்தான் விஷயம். ஐகனால் எழும்பும் நிரல் எதைச் சொன்னாலும் கேட்க அங்கே டெர்மினல் இல்லை. ஆகவே எழும்பும்போது தான் எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்று ஒரு தனிக் கோப்பில் எழுதிவைக்கும்படி இரண்டு வரி சேர்த்துக் கம்பைல் பண்ணினேன். ஐகனை அழுத்திவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன்.

நிரல் வேறிடத்தில் நின்றது. நேரக் கோப்பின் பெயரை மட்டும்தான் நான் நிரலுக்குக் கொடுத்திருந்தேன். பெயரை மட்டும் கொடுத்தால், அது தான் நிற்கிற கோப்புறையில்தான் தேடும். டெர்மினலில் நான் நிரல் இருக்கும் கோப்புறைக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டினேன். ஐகனோ அதைக் கணினியின் முகப்புக் கோப்புறையில் நிறுத்தி எழுப்பியது. அங்கே அந்தப் பெயரில் கோப்பே இருக்கக்கூடாது. ஆனால் இருந்தது.

“மாமா, இதை யார் இங்க போட்டது?”

“நான்தான். நீ பென் டிரைவ் தந்தனி எல்லோ. உனக்கு வேலை மிச்சம் எண்டு அதில இருந்த எல்லாத்தையும் ஏத்திவிட்டன்.”

அந்தப் பென் டிரைவில் என்னுடைய பழைய ஒத்திகைகளும் இருந்தன. கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பக்கம் படித்த காலத்தில், விடுதிக்குப் பக்கத்துப் பள்ளிக்காக எழுதிப் பார்த்தவை. அங்கே சூரியன் எங்களுக்கு ஏழு நிமிடம் முன்னதாக இறங்கிவிடும். கோப்பில் ஒரு எண்கூடப் பிழையில்லை. ஊர்தான் வேறு.

“அப்ப நோன்பில இது ஓடியிருந்தா?”

“முழு ஊரும் மட்டக்களப்போட சேந்து நோன்பு திறந்திருக்கும்.”

மாமா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “மறுமையில ஒவ்வொருத்தரா வந்து என்னைப் பிடிப்பாங்கள்.”

கோப்பின் முழு முகவரியையும் நிரலுக்குள் எழுதினேன். கோப்பின் முதல் வரியில் ஊர்ப் பெயரைப் போட்டேன். கோப்பு இல்லாவிட்டால், அல்லது ஊர் வேறாக இருந்தால், திரையில் ‘நேரம் தெரியாது’ என்று மட்டும் வரும்படி செய்தேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

“டிவி வாங்கி மாட்டிப்போட்டு, தெரியாது எண்டு போடுறதா?”

“பிழையாக் காட்டுறதைவிட நல்லம் மாமா.”

அன்று மாலை ஐகனும் சூரியனும் ஒத்துப்போயின. பிறையும் தெரிந்தது, மறுநாள் தலைநோன்பு. வீட்டுக்குப் போகமுதல், முகப்புக் கோப்புறையில் கிடக்கிற பழைய கோப்பை மட்டும் அழித்துவிடும்படி மாமாவிடம் சொன்னேன். அவரும் இந்தக் கணினியில் ஏதாவது செய்யட்டும் என்று நினைத்தேன்.

தலைநோன்பு அன்று உம்மா கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“மகள், தெரியாது எண்டு நிக்குது!”

“எத்தினை கோப்பு அழிச்சனீங்கள்?”

“தேடிப் பாத்தன், ரெண்டு வந்தது. ரெண்டும் ஒரே பேர். எது பிழையெண்டு விளங்கேல்ல. பாவம் வரப்படாது எண்டு ரெண்டையும் அழிச்சிட்டன்.”

“மோதினார் என்ன செய்யிறார்?”

“கடதாசி நேரசூசியைக் கையில வச்சுக்கொண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். எங்கட ஊர் நேரசூசிதான், வாசிச்சுப் பாத்தனான். உன்ர மெசின் வேலை செய்யேல்ல, புள்ள.”

“வேலை செய்யுது மாமா.”

பாங்கு தொலைபேசியிலும் ஜன்னலுக்கு வெளியிலும் ஒன்றாகக் கேட்டது. எங்கள் ஊருக்குரிய நேரம்தான், நான் சரிபார்த்தேன். உம்மா பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினா. மாமா அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். அவர் கஞ்சி குடிக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.