கட்டைவிரல் தேடிய இடம்

பதினாறு வருடம் ஓட்டிய பைக்கைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு நிறத்தில் புதிது வாங்கினேன். கிளட்ச்சை இரண்டு விரலால் இழுத்தால் போதும். கைப்பிடி ரப்பர் உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. எனக்குப் பிடிபடாமல் போனது ஒரே ஒரு சுவிட்ச்தான். பழைய வண்டியில் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் நடுவில் இண்டிகேட்டர் இருக்கும், அதற்குக் கீழே ஹாரன். புதியதில் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். நடுவில் ஹாரன், கீழே இண்டிகேட்டர்.

பருத்திப்பட்டில் எங்கள் தெருமுனையில் நின்று, இடது பக்கம் திரும்பித்தான் ஏரி ரோட்டைப் பிடிக்க வேண்டும். நிற்கும்போது குனிந்து பார்த்து இண்டிகேட்டரைப் போட்டுவிடுவேன். திரும்பியபின் அணைக்கும்போது கண் ரோட்டில் இருக்கும். கட்டைவிரல் தானாகப் பழைய இடத்துக்குப் போய் அழுத்தும். பீப்.

நான் ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை. முன்னால் யாராவது நடந்தால், அவர்களாக ஒதுங்கும்வரை பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்கூட வேலை பார்ப்பவர்கள் இதற்காகவே என்னோடு வண்டியில் ஏற மாட்டார்கள்.

முனை திரும்பியதும் ஒரு புங்கமரம். அதன் நிழலில் இஸ்திரி வண்டி நிற்கும். இஸ்திரிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். துணியை என் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் அவரிடம் பேசியதில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன், அதுவும் ஹெல்மெட்டுக்குள்.

ஒரு நாள் மரத்தடி காலியாக இருந்தது. இஸ்திரி வண்டி எதிர்ப்பக்கம் மதிலோரம், நல்ல வெயிலில் நின்றது. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை என் மனைவி துணியோடு வந்து சொன்னாள்: "பாவம்ங்க அந்த மனுஷன். கரிப்பெட்டிய வெச்சுக்கிட்டு வெயில்ல வேகறாரு. எவனோ பைக்குக்காரன் தெனமும் முனை திரும்பினதும் ஹாரன் அடிச்சு நகரச் சொல்றானாம். எதுக்கு வம்புன்னு இடத்த மாத்திட்டாராம்."

"என்ன பைக்காம்?"

"கறுப்பாம்."

எங்கள் ஊரில் அப்படி ஒரு சின்ன ஹாரனுக்கு ஒரே அர்த்தம்தான்: ஒதுங்கு. மூன்று வாரமாக அதை ஒரு மனிதரிடம் தினமும் சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கோடை முழுக்க அவர் அந்த மதிலோரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை அவரைத் தாண்டி நடந்தேன். இரண்டு தடவையும் கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் பால் மிச்சமாகக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை பைக்கை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் கழுத்தில் ஈரத் துணி சுற்றியிருந்தார்.

"அந்த ஹாரன் நான்தான். வேணும்னு அடிக்கல. புது வண்டி, சுவிட்ச் இடம் மாறிப்போச்சு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சாவியைத் திருப்பி, அவர் விரலைப் பிடித்து நடு சுவிட்சில் வைத்தேன். அழுத்தினார். அடித்தது. விரலைக் கீழே இறக்கி அந்தச் சுவிட்சைத் தள்ளவைத்தேன். இண்டிகேட்டர் மினுங்கியது. மறுபடி நடுவில் அழுத்திப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா அண்ணாத்தே? இத்தினி நாளா ஹாரன்தான் பேசிக்கினு கீது! நான் இன்னான்னா, மனுசன் நம்மள தொரத்துறாருன்னு நெனச்சிக்கினு கீறேன்."

"நாளைக்கு மரத்தடிக்கே வந்துடுங்க."

"வரேன். நீ அடிக்க மாட்டியே?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டைவிரலை நினைத்துக்கொண்டேன். "அடிச்சாலும் அடிப்பேன். நகர மட்டும் நகராதீங்க," என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் மரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. முனையில் நின்று, பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டேன். திரும்பினேன். பீப்.

"கீழ, அண்ணாத்தே! கீழ!" என்று நிழலிலிருந்து குரல் வந்தது. விரலைக் கீழே இறக்கி அழுத்தினேன்.