வாபஸ் படிவம்

மதுரை மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளராக நின்றேன். வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று பெரிய கட்சிக்காரர்கள் இருவர் வீட்டுக்கு வந்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல் என் கணவரிடம் படிவத்தை நீட்டினார்கள்.

"மாப்ள, தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க. கைப்பிள்ளைக்காரிக்கு எதுக்கு இம்புட்டு அலைச்சல்?"

மடியில் குழந்தைக்குக் காய்ச்சல். அவர்கள் சொல்வதும் சரிதானோ என்று தடுமாறினேன். அதற்குள் இவர் பேனாவைத் திறந்து, அவரே என் கையெழுத்தைப் போடப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, நிக்கிறது நான். எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க."

"சரித்தா, வாபஸ் வாங்கிக்கிறியா?"

"மாட்டேன்."

அவர்கள் போனதும், "இனி அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார் இவர். குழந்தையை அவரிடம் கொடுத்து, மருந்து நேரத்தை இரண்டு முறை சொல்லிவிட்டு, ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன்.